என் சாட்சி வந்திருக்காக

ஆத்தா தனம்,

உன் கடிதம் முந்தாநாள் கடை விலாசத்துக்கு வந்தது. உன் அப்பா அதைப் பிரித்துப் பாதி படித்துவிட்டு, "உம் மக நாடகம் கீடகம்னு என்னமோ எழுதியிருக்கா, நீயே பாத்துச் சொல்லு" என்று என் மடியில் போட்டுவிட்டுப் போனார். உலை கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பை இறக்கிவிட்டு நின்றபடியே படித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன், பிறகு தனியாகச் சிரித்தேன். பேத்தி வாணியின் பள்ளிக்கூடத்தில் கோடை லீவுக்குப் பிள்ளைகளை வைத்து நாடகம் போடுகிறார்களாம், அவள் சேர வேண்டும் என்று குதிக்கிறாளாம். மாப்பிள்ளை மட்டும், "நாடகத்தால என்ன பிரயோசனம்? அந்த லீவுல இந்தி கிளாஸ் போனாலாவது நாலு எழுத்து கூடத் தெரியும்" என்கிறாராம். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று நீ என்னைக் கேட்கிறாய். அடி போடி இவளே! ஊரில் யார் கேட்டாலும் எனக்குப் பொறுக்கும். நீ கேட்கலாமா? போடிநாயக்கனூரில் ஒரு பந்தலையே வாயடைத்து உட்கார வைத்தவள் நீ. உனக்கு மறந்துவிட்டதென்றால் நான் எழுதுகிறேன், உட்கார்ந்து படி. என் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும், பொறுத்துக்கொள். முடித்ததும் அப்படியே மாப்பிள்ளை கையில் கொடு. அவரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் நீ எப்படிப்பட்ட பிள்ளை என்று அவருக்குத் தெரிய வேண்டும். கூச்சப்படுகிற பிள்ளைக்குத்தான் நாடகம் நல்லது என்று சிலர் சொல்வார்கள். உனக்கும் கூச்சத்துக்கும் ஏழாம் பொருத்தம். காலையில் வாயைத் திறந்தால் படுக்கையில் போய் விழும்வரை மூடமாட்டாய். எதிராளி ஒரு பேச்சை ஆரம்பித்தால் அதை முடிக்க விடமாட்டாய், நீயே முடித்து நீயே அதற்குப் பதிலும் சொல்லிவிடுவாய். "இவளுக்கு வாய் மட்டும் இல்லேன்னா நாய் தூக்கிட்டுப் போயிரும்" என்று உன் அப்பா சொல்வார். அந்த வருஷம் நீ ஏழாம் வகுப்பு முடித்திருந்தாய். நம் தெருப் பிள்ளைகள் அத்தனையும் வெயிலில் கத்திக்கொண்டு திரிந்தன. எதிர்வீட்டு ஜவுளிக்கடைக்காரர்கள் வீட்டுக்குப் பாளையங்கோட்டைப் பக்கமிருந்து எஸ்தர் புது மருமகளாக வந்திருந்தாள். பிறந்த ஊரில் கிறிஸ்துமசுக்குக் கிறிஸ்துமஸ் கோயிலில் நாடகம் போட்டுப் பழகினவள். அவளுக்குப் போடியில் பேச்சுத்துணைக்குக்கூட ஆள் கிடையாது. ஒருநாள் என்னிடம் வந்து, "அக்கா, இந்தப் பிள்ளைக கத்துற கத்துல எனக்கு மண்டை இடிக்கி. கத்துறதுதான் கத்துதுக, வசனமாக் கத்தட்டுமே" என்றாள். ஏலக்காய் சீசன் முடிந்து நம் கோடவுன் காலியாகத்தான் கிடந்தது. உன் அப்பா மதியம் கண்ணயர்ந்த நேரம் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

அந்தக் கோடை முழுக்க நம் தெருப் பிள்ளைகள் மேலெல்லாம் ஏலக்காய் மணத்தோடு வீட்டுக்கு வந்தன. கதையை எஸ்தர் எழுதவில்லை, பிள்ளைகளே கட்டினார்கள். ஒரு ராஜா தன் பூந்தோட்டத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று கண்மாய் மடையை அடைத்துப் பூட்டு போட்டுவிடுகிறான். ஒரு ஏழைப் பெண் பூட்டை உடைத்து மடையைத் திறந்துவிடுகிறாள். காவல்காரர்கள் அவளைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள், சபையில் விசாரணை நடக்கிறது. ராஜா மளிகைக்கடை வீட்டுப் பாண்டி. ஒரு கோலிக்குண்டைக்கூட யாருக்கும் தராத பயல், அவனுக்கு அந்த வேஷம் தேடி வந்த வேஷம். ஏழைப் பெண் நீ. ஒத்திகை தொடங்கின நாலாவது நாள் எஸ்தர் கோடவுன் வாசலில் நின்று உன்னைப் பார்த்துக் கத்தியது தெருவுக்கே கேட்டது. "ஏ பிள்ள, ராஜா வசனமும் நீ பேசுத, காவக்காரன் வசனமும் நீ பேசுத. அப்ப மத்ததுக எதுக்கு வந்திருக்கு? மூட்டை தூக்கவா?" நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டு வீட்டுக்கு வந்தாய். "அவன் மெதுவாச் சொல்றாம்மா, எனக்குப் பொறுக்கல" என்றாய். எனக்குச் சிரிப்பாக வந்தது. மறுநாள் நீயாகவே திரும்பிப் போனாய்.

அந்தச் சமயத்தில்தான் நீ வயசுக்கு வந்தாய். சேதி போனதும் வருசநாட்டிலிருந்து என் தம்பி, உன் கருப்பையா மாமா, பச்சைத் தென்னோலையோடு வந்து இறங்கினான். முறைப்படி கொல்லையில் ஓலைக் குச்சுக் கட்டி உன்னை அதில் உட்கார வைத்துவிட்டு, சடங்கு நாளைக் குறித்துக்கொண்டு போனான். அவன் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் உன் பெரியப்பா வந்துவிட்டார். உன் அப்பா தன் அண்ணன் எதிரில் தலையைத் தவிர வேறெதையும் ஆட்டமாட்டார் என்பது உனக்குத் தெரியுமே. பெரியப்பா நிதானமாக வெற்றிலை போட்டபடி சொன்னார்: "வயசுக்கு வந்த பிள்ள நாலு பேரு முன்னால ஆடுறதா? நாடகத்த விட்டுரச் சொல்லு. அப்புறம் எட்டாங்கிளாசுக்கு அந்தப் பெரிய பள்ளிக்கூடத்துக்குல்ல போகணும்? அங்கன ஆம்பளப் பயலுக படிக்கான்க. அதுவும் வேணாம். படிச்ச வரைக்கும் போதும்." உன் அப்பா தலையை ஆட்டினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். உள்ளே எனக்கு எரிந்தது எரிச்சல், அப்படி எரிந்தது. நான் ஐந்தாவதோடு நிறுத்தப்பட்டவள். பத்திரிகையில் தொடர்கதை படிக்கும்போது தெரியாத வார்த்தை வந்தால் இன்றைக்கும் அதைத் தாண்டித்தான் போகிறேன். நீயும் அப்படித் தாண்டித் தாண்டிப் படிக்க வேண்டுமா என்று இருந்தது. ஆனால் அந்த வீட்டில் அன்றைக்கு என் பேச்சை யார் கேட்டார்கள்?

குச்சுக்குள் நீ பேசாமல் உட்கார்ந்திருந்தாய். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொண்டுவந்து வைத்தால், "பள்ளிக்கூடம் கெடையாதாம்மா?" என்று மட்டும் கேட்பாய். அப்போது ஒரு சாயங்காலம் கொல்லைச் சுவருக்கு வெளியே பாண்டியின் குரல் கேட்டது. "யாரங்கே! மடையைத் திறந்தவளை இழுத்து வாருங்கள்!" எட்டிப் பார்த்தேன். சந்தில் பிள்ளைகள் எல்லாம் வரிசையாக நிற்க, எஸ்தர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "அவ பாகத்த வேற யாருக்கும் குடுக்கமாட்டோம்னு இதுக ஒத்தக்கால்ல நிக்குதுக. நா என்ன செய்ய?" என்றாள். எங்கே, எப்போது நாடகம் போடப்போகிறோம் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது, போடுவோமா என்பதே தெரியாது. ஒத்திகை மட்டும் விடாமல் நடந்தது. அவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம், நீ இந்தப் பக்கம் ஓலைக்குள். உன் பெரியப்பா ஒருநாள், "என்னம்மா சத்தம் அங்கன?" என்று கேட்டார். "தெருவுல பிள்ளைக வெளையாடுதுக, நான் என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாப்பிள்ளை, இதை நன்றாகக் கவனியுங்கள். அங்கேதான் இவள் மாறினாள். எதிராளியின் முகம் தெரியாது. அவன் சொல்லி முடித்துவிட்டானா, இன்னும் மூச்சு வாங்குகிறானா என்று காதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முந்திக்கொண்டால் இரண்டு குரலும் மோதி ஒன்றுமே விளங்காது. முதல் இரண்டு நாள் மோதியது. அப்புறம் பார்க்கிறேன், என் மகள் ஓலைக்கு நடுவில் காதை நீட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, பாண்டி சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறாள்! பிறந்ததிலிருந்து நான் காணாத காட்சி அது. காத்திருந்து, பிறகு சுவரைத் தாண்டிப் போகிற மாதிரிக் குரலெடுத்துச் சொன்னாள். அதில் கத்தல் இல்லை. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகப் போய் விழுந்தது. அந்தப் பக்கம் பாண்டிப் பயலும் மாறினான். அவள் குரல் கேட்காத நாளில், "தனம், சாப்டியா?" என்று சுவருக்கு மேலே ஒரு மாம்பழத்தைத் தூக்கிப்போடுவான். கோலிக்குண்டு தராத பயல் மாம்பழம் கொடுத்தான், பாருங்கள்.

சடங்கு நாள் வந்தது. வாசலை அடைத்துப் பந்தல், வாழைமரம், ரேடியோ செட் என்று ஒரே அமர்க்களம். என் தம்பி வருசநாட்டிலிருந்து இரண்டு வண்டி கட்டிச் சீர் கொண்டுவந்தான். பட்டுச்சேலை, ரோஜாமாலை, வாழைத்தார், வெல்லம் என்று தட்டுத்தட்டாக இறங்கியது. அவன் தலைப்பாகை கட்டிக்கொண்டு மீசையை முறுக்கி நடந்த நடை இருக்கிறதே, அன்றைக்கு அவன்தான் ஊருக்கு அதிபதி. தேவதானப்பட்டி, ஆண்டிபட்டி என்று எல்லாப் பக்கமிருந்தும் சனம் வந்திருந்தது. உனக்குத் தண்ணீர் ஊற்றிப் பட்டு உடுத்திப் பந்தல் மேடை நாற்காலியில் உட்கார வைத்தாயிற்று. அந்த நேரம் பார்த்துப் போடிமெட்டுப் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்தது ஒரு கோடை மழை. சும்மா ஒரு பாட்டம்தான், கொட்டிவிட்டுப் போய்விட்டது. போனதோடு கரண்டையும் கொண்டுபோய்விட்டது. ரேடியோ செட் வாயடைத்துப்போனது. கொல்லையில் விறகெல்லாம் நனைந்து, அடுப்பில் புகைதான் வருகிறது, கறி வேகக் காணோம். தேவதானப்பட்டிக்காரர்கள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று துண்டை உதற ஆரம்பித்தார்கள். உன் பெரியப்பாவுக்கு வேர்த்துவிட்டது. கைநனைக்காமல் ஒருத்தர் எழுந்து போனாலும் அவருக்கு மானம் போன மாதிரி.

நான் மெதுவாகப் பக்கத்தில் போனேன். "பிள்ளைக ஒரு நாடகம் பழகி வச்சிருக்குதுக. கறி வேகுற வரைக்கும் சனம் பாத்துக்கிட்டு இருக்கும்" என்றேன். "எதையாச்சும் போடுங்கம்மா, எந்திரிக்க விடாதீக!" என்றார். யார் நடிப்பது என்று அவர் கேட்கவில்லை. கேட்காததற்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்? எஸ்தருக்குக் கையைக் காட்டினேன். அவள் அடுப்புக்கரியை எடுத்துக்கொண்டு பாண்டிக்கு மீசை வரைய ஓடினாள். பாண்டி மணப்பலகையில் ஏறி உட்கார்ந்து, "யாரங்கே!" என்றான். அப்போது நீ பட்டுச்சேலையோடும் மாலையோடும் நாற்காலியிலிருந்து எழுந்தாய். சனம் "ஏ!" என்றது. பெரியப்பா திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன்.

மைக் கிடையாது. ஆனால் உங்களுக்கு மைக் எதற்கு? சுவரைத் தாண்டிப் பேசிப் பழகின குரல்கள், கடைசி வரிசையில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கும் கேட்டன. பட்டுக் கட்டின ஏழைப் பெண்ணைப் பார்த்து முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிப்பு நின்றது. ராஜா கேட்டான்: "உனக்காகப் பேச இந்த நாட்டில் யாராவது உண்டா?" நீ தலைகுனிந்து, "எனக்கு யாருமில்லை மகாராஜா" என்றாய். எத்தனையோ முறை ஓலைக்குள்ளிருந்து கேட்ட வசனம்தான். ஆனாலும் தூணுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டிவிட்டேன்.

அவ்வளவுதான். சீர் கொண்டுவந்த தாய்மாமன் உட்கார்ந்திருக்கும்போது, சடங்குப் பந்தலில், அத்தனை சனத்துக்கு முன்னால், மருமகள் தனக்கு யாருமில்லை என்கிறாள்! என் தம்பிக்கு அது நாடகமாகவே படவில்லை. துண்டு ஒரு பக்கம் விழ, தலைப்பாகை ஒரு பக்கம் சரிய, ஒரே தாவில் மேடையில் நின்றான். "ஏலே! யாருமில்லையா? தாய்மாமன் நான் இங்கன குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், எம் மருமகளுக்கு யாருமில்லையா? எவன்டா அவளக் கைகட்டி நிக்க வச்சவன்?" ராஜா மணப்பலகையிலிருந்து குதித்து உன் பெரியப்பாவின் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். காவல்காரன் அழத் தொடங்கினான். எஸ்தர் தலையில் கையை வைத்துக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். இனி சண்டையாகும், சிரிப்பாகும், இந்தப் பிள்ளையை இதற்கப்புறம் யார் வெளியே விடுவார்கள்?

நீ மாமாவையே பார்த்தாய். மாமா மூச்சு வாங்கி முடிக்கட்டும் என்று காத்திருந்தாய், அது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. பிறகு பெரியப்பா பக்கம் திரும்பி, குரல் நடுங்காமல் சொன்னாய்: "மகாராஜா, ஓடாதீக. என் சாட்சி வந்திருக்காக."

பந்தல் அதிர்ந்தது, தனம்! இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது. பாண்டி வேட்டிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான், மீசை பாதி அழிந்திருந்தது. வந்து மறுபடி பலகையில் உட்கார்ந்து, "சாட்சி பேசலாம்" என்றான். நீ மாமாவிடம் போய், "மாமா, நீங்களே சொல்லுங்க. வயக்காடு காயும்போது மடையத் தெறந்தது தப்பா?" என்று கேட்டாய். என் தம்பி பருத்திக்காட்டுக்குத் தண்ணீர் கிடைக்காமல் வானத்தைப் பார்த்துத் திட்டுகிறவன். அவனுக்கு வசனம் வேண்டுமா? "தப்பா? பூட்டுனவனப் பிடிச்சு மடையில போட்டுப் பூட்டணும்!" என்றான். ஆண்டிபட்டிக்காரர் ஒருவர் எழுந்து, "அது எப்பிடி, மேமடைக்காரனுக்கும் ஞாயம் இருக்குல்ல?" என்றார். ஆளாளுக்கு எழுந்துவிட்டார்கள். பஸ்ஸாவது, ஒன்றாவது! உறவில் எந்த வழக்கென்றாலும் தீர்ப்புச் சொல்லிப் பழகின உன் பெரியப்பாவால் சும்மா இருக்க முடியுமா? அவரும் எழுந்து தொண்டையைச் செருமினார். நீ கையைக் காட்டி, "மந்திரி ஐயா, கொஞ்சம் பொறுங்க. ஒவ்வொருத்தராத்தான் பேசணும். உங்க முறை வரும்" என்றாய். அவரும் உட்கார்ந்தார்! எல்லார் வசனத்தையும் தானே பேசின பிள்ளை, ஒரு பந்தல் சனத்தை முறை வைத்துப் பேசவிட்டாள். தூணுக்குப் பின்னால் நின்று நான் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

கடைசியில் மந்திரியைக் கூப்பிட்டாய். பெரியப்பா மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, நிஜ வழக்குக்கு வந்தவர் மாதிரி, "பிள்ள செஞ்சது ஞாயந்தான். ராஜா அதுக்கு என்ன வேணும்னு கேட்டுக் குடுக்கணும். ராஜா வாக்கு குடுத்தா அது மாறப்படாது" என்றார். பாண்டி உன்னைப் பார்த்து, "கேள் பெண்ணே" என்றான். நீங்கள் கட்டின கதையில் அவள் ஒரு வண்டி நெல் கேட்பாள். நீ நெல் கேட்கவில்லை. "நான் எட்டாங்கிளாஸ் படிக்கணும் மகாராஜா" என்றாய்.

சிரித்துக்கொண்டிருந்த சனம் அடங்கிவிட்டது. சொந்தக்காரர்களுக்கெல்லாம் விஷயம் தெரியும். பாண்டிக்கும் தெரியும், சுவருக்கு அந்தப் பக்கம் நின்று எத்தனை நாள் கேட்டிருக்கிறான். அந்தச் சின்னப் பயல் ஒரு நொடி யோசித்தான். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, "தந்தோம்! மந்திரி, பள்ளிக்கூடம் தெறக்குற அன்னைக்கு நீரே கூட்டிக்கிட்டுப் போயிச் சேத்துவிடும்!" என்றான். என் தம்பி மேடையில் நின்றபடியே, "கேட்டீகளா மச்சான்? வாக்கு மாறப்படாதுன்னு இப்பத்தான சொன்னீக?" என்றான். உன் பெரியப்பா எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். உன்னைப் பார்த்தார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரிப்பா, ராஜா உத்தரவு" என்றார். கொல்லையிலிருந்து கறி வெந்துவிட்டது என்று சத்தம் வந்தது. பந்திக்கு ஒருத்தரும் எழவில்லை, நாடகத்தை இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். ஜூன் மாதம் அவரே சலவை வேட்டி கட்டிக்கொண்டு உன்னைப் பெரிய பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். அதற்கப்புறம் சாகும்வரை தெருவில் பாண்டியை "ராசா" என்றுதான் கூப்பிட்டார். அவனும் ராசா மாதிரிதான் இருக்கிறான். மளிகைக்கடையில் நாலு பேர் ஒரே நேரம் கத்தினாலும் சிரித்துக்கொண்டு ஒவ்வொருத்தராகக் கேட்டுச் சாமான் போடுகிறான்.

உன் வேலைக்கு வருகிறேன். போன தீபாவளிக்கு மதுரைக்கு வந்தபோது உன் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வாசல் வரைக்கும் கூட்டிப்போனாயே. ஜன்னல் வழியாக நீ பேசுவது கேட்டது. முகம் தெரியாத யாரோ ஒருவர் அந்தப் பக்கம் பதறுகிறார், நீ அவரை முடிக்க விடுகிறாய், பிறகு ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்கிறாய். எனக்கு அது எக்ஸ்சேஞ்சாகத் தெரியவில்லை, நம் கொல்லைச் சுவர்தான் தெரிந்தது. பிரயோசனம் என்ன என்கிற மாப்பிள்ளையிடம், மாதாமாதம் நீ கொண்டுவருகிற சம்பளத்தில் எஸ்தருக்கும் பாண்டிக்கும் பங்கு உண்டு என்று சொல். கோபித்துக்கொண்டால் மாமியார் சொன்னாள் என்று சொல், என்னிடம் வரட்டும். இந்தி படிப்பு நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. அது அடுத்த லீவுக்கும் அங்கேயேதான் இருக்கும். இந்த வயசும் கூட விளையாடுகிற சேத்தாளிகளும் இருக்குமா?

உனக்கும் ஒன்று சொல்கிறேன். வாணிக்கு ராணி வேஷம் கிடைக்கவில்லை என்று நீ போய் டீச்சரிடம் நிற்காதே. மரமாக நிற்கச் சொன்னால் மரமாக நிற்கட்டும், அடுத்தவர் பேசுவதை அங்கிருந்துதான் நன்றாகக் கேட்கலாம். அடுப்படியில் வந்து வசனம் சொன்னால் நீ குறுக்கே திருத்தாதே. உனக்கு அந்தப் பழைய புத்தி இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, எனக்குத் தெரியும்.

நாடகம் என்றைக்கு என்று முன்கூட்டி எழுது. நானும் அப்பாவும் வருகிறோம், கருப்பையா மாமாவும் வருவான். வைகை அணையில் வேலை பார்க்கிற உன் தம்பியும் லீவு போட்டுவிட்டு வருகிறானாம். அக்கா மகள் மேடையேறுகிறாள் என்றதும் இப்போதே மீசையை முறுக்குகிறான், அப்படியே அவன் மாமன் ஜாடை. வாணியின் பாகத்தில் "எனக்கு யாருமில்லை" என்கிற மாதிரி வசனம் ஏதாவது இருந்தால் முன்னமே சொல்லிவிடு, அவனைக் கடைசி வரிசையில் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார வைக்கலாம் என்று முதலில் நினைத்தேன். இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறது. முன்வரிசையிலேயே உட்காரட்டும். தாவி ஏறினால் ஏறட்டும். வாணி பார்த்துக்கொள்வாள்.

உன் அம்மா